சாதுவை வைத்து அளந்த பெட்டி

அக்கா சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வண்டியைத் தொடக் கூடாது என்று சாவியைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இவள் என்னடா என்றால் சட்டைக் காலரை இழுத்துவைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். சூடாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

"யாருக்குக்கா இந்த அலங்காரம்?"

"வியாழக்கிழமை விசாரணைக்குப் போகணும்ல. கசங்கின சட்டையோட போனா, பாத்ததுமே இவ தூங்கினவதான்னு முடிவு பண்ணிடுவாங்க."

அக்கா ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். போன வாரம் ஒரு சாயங்காலம், கண்ட்ரோல் ரூமிலிருந்து அவளை ரேடியோவில் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் பதில் சொல்லவில்லை. மூன்று தடவை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் அடுத்த வண்டியைக் கூப்பிட வேண்டும் என்பது அவர்கள் விதி. அடுத்த வண்டி ஊரின் மறுகோடியிலிருந்து நெரிசலில் ஊர்ந்து வந்தது. நெஞ்சுவலி வந்தவர் ஒரு தையல்காரர். வண்டி வரும்போது அவர் உயிரோடு இல்லை. அக்கா நின்றிருந்தது அந்த வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

வண்டியில் கூட இருக்க வேண்டிய உதவியாளர் தேநீர் வாங்க இறங்கியிருந்தாராம். ஆகவே சாட்சி இல்லை. ரேடியோவை டிப்போவில் வைத்துச் சோதித்தார்கள், நன்றாக வேலை செய்தது. ரேடியோ நன்றாக இருக்கிறது, ஆள் பதில் சொல்லவில்லை, அப்படியானால் ஆள் தூங்கியிருக்கிறாள். இதைக் கண்டுபிடிக்க ஒரு விசாரணை வேறு. தூங்கினாள் என்று எழுதிவிட்டால் அவள் ஜன்மத்துக்கும் ஆம்புலன்ஸ் ஓட்ட முடியாது.

"நீ தூங்கலைன்னு சொன்னியா?"

"சொன்னேன்." அக்கா சட்டையைத் திருப்பிப் போட்டாள். "ஆனா இப்ப யோசிச்சா... ஒரு நிமிஷம் கண்ண மூடியிருப்பேனோ என்னமோ. எனக்கே தெரியலடி."

பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் சொட்டினால்கூட எழுந்து உட்காருகிறவள் இவள். எட்டு நாளில் அவளையே அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்துவிட்டார்களே, பாவிகள்.

"வண்டிய எங்க நிறுத்தியிருந்த?"

"எங்களுக்குப் புதுசா ஒதுக்கின இடம். அந்த வட்டச் சாலை முக்குல, புது டவர் நட்டிருக்காங்களே, அதுக்கு நேர் கீழ."

நான் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த டவரின் உச்சியில் இருப்பது நான் வேலை பார்க்கும் கம்பெனி செய்த, செல்போன் சிக்னலை அனுப்பும் பெட்டி. ஊரிலேயே முதல் பெட்டி, சோதனைக்காக ஏற்றியது. அதை ஏற்றிய அன்று எங்களுக்கெல்லாம் கேக் வெட்டினார்கள்.

அந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். செல்போன் சிக்னல் என்பது ஒற்றை அலை இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குட்டி அலைகள் அடுத்தடுத்து நின்று, ஆளுக்குக் கொஞ்சம் தகவலைச் சுமந்துகொண்டு, சேர்ந்து கிளம்புகின்றன. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கும் என்பதால் பெரும்பாலான நேரம் மொத்தம் அடக்கமாகவே இருக்கும். ஆனால் இடையிடையே பல அலைகள் ஒரே கணத்தில் ஏறித் தொலைக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் எப்படியோ, அப்படி. அந்த உச்சம் சராசரியைப் போலப் பத்து மடங்கு வரைகூடப் போகும். பெட்டிக்குள் சிக்னலைப் பெருக்கி அனுப்பும் ஆம்ப்ளிஃபயருக்கு அதைத் தாங்க இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் உச்சியை மொட்டையடித்துவிடும். மொட்டையடிபட்ட சிக்னல் தன் எல்லைக்குள் நிற்காது, பக்கத்து அலைவரிசைக்குள் சிந்தும். எங்களுக்குப் பக்கத்து அலைவரிசை ஆம்புலன்ஸ்காரர்களுடையது.

ஆகவே சராசரி சக்தியை அளந்தால் போதாது. உச்சம் அதைவிட எவ்வளவு மேலே போகிறது, எவ்வளவு அடிக்கடி போகிறது என்று அளக்க வேண்டும். இது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. நான் கேட்கும் பக்கத்தில், அதாவது ரிசீவர் பிரிவில், வேலை பார்க்கிறேன். அனுப்பும் பக்கம் வேறு பிரிவு. அங்கேயும் அரிச்சுவடி படித்தவர்கள்தான் இருக்கிறார்கள் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நேராக அவர்கள் லேபுக்குப் போனேன். அங்கே ஆம்ப்ளிஃபயர் அண்ணன் என்று ஒருவர் உண்டு. நல்ல மனிதர், யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அந்தக் குணத்தால் வந்த வினைதான் பாதி.

"என்ன மிளகாய், இந்தப் பக்கம்?" என்றார். லேபில் எனக்கு வைத்த பெயர் அது.

"அண்ணே, டவர்ல ஏத்தின பெட்டிக்கு உச்சம் எப்படி அளந்தீங்க? எந்த சிக்னல குடுத்தீங்க?"

"எப்பவும் குடுக்கறதுதான். சாது."

சாது என்பது அவர்கள் ஒரு சோதனைச் சிக்னலுக்கு வைத்திருக்கும் செல்லப் பெயர். எப்போதோ ஒருவர் ஆம்ப்ளிஃபயரைச் சூடேற்றுவதற்காகச் செய்தது. சூடேறுவதற்குள் உச்சம் வந்து பெட்டியின் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்துவிடக் கூடாது என்பதால், உச்சம் துள்ளாத சிக்னல் துண்டாகப் பார்த்துப் பொறுக்கி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். அந்த அளவில் அது நல்ல யோசனைதான். பிறகு அவர் போய்விட்டார், சாது தங்கிவிட்டது. சூடேற்றி முடித்ததும் சிக்னலை மாற்ற வேண்டும் என்பதை ஒருவர் மறந்தார். மாற்றாவிட்டால் சோதனை சீக்கிரம் முடிகிறது என்று அடுத்தவர் கண்டுகொண்டார். அதற்கடுத்து வந்தவர்களுக்கு அதுதான் சோதனை.

"சாதுவ வச்சு அளந்தா உச்சம் எங்கண்ணே வரும்? அது துள்ளாதுன்னுதானே பொறுக்கி எடுத்தது!"

"சாது மிரண்டா காடு கொள்ளாதும்பாங்க. நம்ம சாது மிரளவே மிரளாது, அதான் வசதி" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

"டவர்ல ஓடறது சாது இல்லண்ணே. சனங்களோட நிஜ பேச்சு, நிஜ படம். அங்க பாதுகாப்புச் சுற்று வெட்டலையா?"

அவர் தலையைச் சொறிந்தார். "வெட்டுச்சு. முதல் நாளே பத்துப் பதினஞ்சு தடவ வெட்டுச்சு. அப்புறம் சார்தான் அது வெட்டற வரம்பக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னார். அதுக்கப்புறம் வெட்டல."

காய்ச்சல் அதிகமாகக் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைத்த கதை. நான் கத்தவில்லை. கத்த வேண்டிய ஆள் இவர் இல்லை.

அதே மாதிரிப் பெட்டி இன்னொன்று மேசையில் இருந்தது. முதலில் சாதுவை ஓட்டினேன். பிறகு நிஜ நெரிசலைப் போல, எல்லா அலைகளிலும் தாறுமாறாகத் தகவல் ஏற்றிய சிக்னலை ஓட்டினேன். சராசரி மீட்டரில் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை, முள்ளுகூட அசையவில்லை. உச்சங்களைக் கணக்கெடுக்கும் கருவியில் பார்த்தால், சாதுவின் கோடு கொஞ்ச தூரம் போய்ச் சட்டென்று விழுந்துவிட்டது. மற்றது நீண்டுகொண்டே போய், ஆம்ப்ளிஃபயரின் கூரையில் இடித்து நின்றது. பக்கத்து அலைவரிசையைத் திறந்து பார்த்தேன். அமைதியாக இருக்க வேண்டிய இடம் சந்தைக்கடை போல இருந்தது.

அண்ணன் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். "அடக் கடவுளே" என்றார் மெதுவாக. "இது யாரோட இடம்?"

"எங்க அக்காவோட இடம்" என்றேன்.

அனுப்பும் பிரிவின் மேலாளருக்கு அப்புறம் சார் என்று பெயர். எதைக் கொண்டுபோனாலும் 'அப்புறம் பாக்கலாம்' என்பார். கிராஃபை அவர் மேசையில் விரித்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் கிராஃபைப் பார்க்கவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். அந்த ஒரு பார்வையிலேயே அவருக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"உட்காரும்மா. வெள்ளிக்கிழமை புது மென்பொருள் போடறோம். சக்தியக் கொஞ்சம் குறைச்சு, வரம்பயும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துடுவோம். எல்லாம் சரியாயிடும்."

"வெள்ளிக்கிழமையா? வியாழக்கிழமை எங்க அக்காவுக்கு விசாரணை சார். அதுக்குள்ள நீங்க எழுதிக் குடுங்க, எங்க பெட்டியாலதான் ரேடியோ கேக்கலன்னு."

"அதெல்லாம் எழுத்துல வேண்டாம். இத வெளிய சொன்னா பெட்டிய எவன் வாங்குவான்? உனக்கும் எனக்கும் சேத்துத்தான் சோறு போடுது." குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்காவுக்கு நம்ம கம்பெனி வண்டி ஓட்டற வேலை ஒண்ணு ஏற்பாடு பண்ணித் தர்றேன். இதவிட நல்ல வேலை. நிம்மதியா இருக்கலாம்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள், அன்று அது உச்சந்தலைக்குப் போய்விட்டது. ஒரு மனிதர் செத்திருக்கிறார். அந்தச் சாவை என் அக்கா தலையில் கட்டிவிட்டு, கூடவே ஒரு வேலையையும் கட்டித்தருகிறாராம். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், பழியைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"எங்க அக்கா பிச்சை கேட்டு உங்க வாசலுக்கு வரல சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்திய வேகத்தில் அவர் பெயர்ப்பலகை கீழே விழுந்தது. எடுத்து மாட்டவில்லை.

அன்றே விசாரணை அதிகாரிக்குப் போன் போட்டு, டவரில் கோளாறு இருக்கிறது, கம்பெனியையும் கூப்பிடுங்கள் என்றேன். அவர் முறைப்படி கூப்பிட்டார். வியாழக்கிழமை அப்புறம் சார் டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

விசாரணை நடந்தது டிப்போவின் மாடியில், உடைந்த ஸ்ட்ரெச்சர்கள் அடுக்கிய ஓர் அறையில். அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கையில் பேனாவை மூடி திறந்தபடியே வைத்திருந்தார். அக்கா மடிப்புக் கலையாத சட்டையோடு எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் குட்டி அலைகள், உச்சம், மொட்டை எல்லாவற்றையும் விளக்கினேன். கோபத்தில் என் பேச்சு ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தது. அதிகாரி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு அப்புறம் சார் பேசினார். அமைதியாக, வெண்ணெய் தடவின மாதிரி.

"இவங்க சொல்ற உச்சம் வர்றது உண்மைதான் மேடம். ஆனா மொத்த நேரத்துல ஆயிரத்துல ஒரு பங்குதான். கண்ணு சிமிட்டறதுக்குள்ள வந்து போயிடும். சராசரியா பாத்தா எங்க பெட்டி எல்லா அளவுக்கும் உள்ளதான் இருக்கு. இதோ கிராஃப்."

சாதுவின் கிராஃப். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான்.

அதிகாரி தலையாட்டினார். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றதும் யாருக்குத்தான் தலை ஆடாது? அது ஒரு நொடிக்குள் பல ஆயிரம் தடவை வந்து போகிற சிமிட்டல் என்பதை அவர் சொல்லவில்லை. தூரத்திலிருந்து வரும் மெல்லிய ரேடியோ குரலுக்கு அது போதும், மூச்சு முட்டிவிடும். நான் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரேடியோல தொந்தரவு இருந்தா இரைச்சல் கேட்டிருக்குமே. உங்களுக்குக் கரகரன்னு ஏதாவது கேட்டுதாம்மா?" என்று அக்காவைக் கேட்டார்.

"இல்ல மேடம். ஒண்ணுமே கேக்கல."

"இந்த டிஜிட்டல் ரேடியோல கரகரப்பே வராது மேடம்!" என் குரல் தானாக ஏறியது. "சரியா வந்தா பேசும், வரலன்னா வாய மூடிக்கும். யாரும் கூப்பிடலன்னுதான் தோணும். நான் விளக்கறது போதும். வண்டில ஏறுங்க, அந்த முக்குக்குப் போவோம். இப்ப சாயங்காலம், எல்லாரும் வீட்டுக்கு வந்து போன நோண்டற நேரம். நாளைக்கு இவங்க மென்பொருள மாத்திடுவாங்க. அப்புறம் நீங்க நூறு தடவ போனாலும் ஒண்ணும் இருக்காது. இன்னிக்கு மட்டும்தான்."

"நாளைக்கு மாத்தறீங்களா?" அதிகாரி அப்புறம் சாரைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாம் அளவுக்கு உள்ளதான் இருக்குன்னா, எதுக்கு மாத்தறீங்க?"

அவர் மென்று விழுங்கினார். "அது வந்து... வழக்கமான மேம்பாடு."

அதிகாரி பேனாவை மூடினார். "வாங்க, போலாம். நீங்களே ஓட்டுங்கம்மா" என்று சாவியை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா முன்னால், அதிகாரி அவள் பக்கத்தில், நானும் அப்புறம் சாரும் பின்னால் ஸ்ட்ரெச்சரின் இரு பக்கமும். வழி நெடுக ரேடியோ பேசிக்கொண்டே வந்தது. யாரோ வழி கேட்டார்கள், யாரோ ஆக்சிஜன் கேட்டார்கள். வட்டச் சாலை முக்குக்குள் திரும்பியதும் அது நின்றது. யாரும் அணைக்கவில்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. அக்கா வண்டியை டவருக்குக் கீழே, வழக்கமான இடத்தில் நிறுத்தினாள்.

அதிகாரி தன் செல்போனில் கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். "இந்த வண்டிய ரேடியோல கூப்பிடுங்க."

"கூப்பிடறேன் மேடம்... ஒரு தடவ கூப்பிட்டாச்சு... ரெண்டாவதும் கூப்பிட்டாச்சு... பதில் இல்ல மேடம். ஓட்டறவங்க இல்லையா?"

எங்கள் நான்கு பேருக்கும் நடுவில் ரேடியோ ஊமையாக உட்கார்ந்திருந்தது. மூன்றாவது தடவையும் கூப்பிட்டாயிற்று என்றது செல்போன். அக்காவின் கை ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தது. அவள் முகத்தை என்னால் கண்ணாடியில் மட்டும்தான் பார்க்க முடிந்தது. இத்தனை நாளாக அதில் இருந்த குற்றவாளிக் களை கரைந்து, வேறொன்று ஏறியது. எங்கள் குடும்பத்தில் கோபம் முழுக்க எனக்கே வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். இல்லை, இவளும் வைத்திருந்தாள்.

அவள் வண்டியைக் கொஞ்ச தூரம் பின்னால் எடுத்தாள். ரேடியோ சட்டென்று உயிர் பெற்றது. "...வண்டி எங்க இருக்கீங்க, பதில் சொல்லுங்க." அதிகாரி அதைக் கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"மற்ற வண்டிக்காரங்களும் ரெண்டு தடவ சொன்னாங்க, இந்த முக்குல ரேடியோ மக்கர் பண்ணுதுன்னு. பேட்டரி பழசுன்னு நாங்கதான்..." பாதியில் நிறுத்திவிட்டார். பிறகு அக்காவிடம், "நாளைலேர்ந்து வேலைக்கு வந்துடுங்கம்மா" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று கத்தத்தான் வாய் வந்தது. அப்புறம் சார் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

"இது ரொம்ப அரிதான சூழ்நிலை மேடம். சராசரியா எடுத்துக்கிட்டா..."

அக்கா இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சராசரியா பாத்தா அந்தத் தையல்காரர் நெஞ்சும் நல்லாத்தான் சார் அடிச்சிருக்கு. அத்தன வருஷத்துல ஒரே ஒரு சாயங்காலம்தான் தகராறு பண்ணுச்சு."

அக்கா கீழே இறங்கி, பின்கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க சார்."

"எங்கம்மா?"

"அவர் சம்சாரம் என்னத் தூங்கினவன்னு நினைச்சிட்டிருக்காங்க. துக்கம் கேக்கப் போனப்ப மூஞ்சில கதவச் சாத்தினாங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீங்க சொல்லுங்க. பெட்டில என்ன பண்ணீங்க, எதுக்குப் பண்ணீங்க, அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி வேறு பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்து என்ன பிரயோஜனம்?

இறங்கினார். அக்கா அவருக்கு முன்னால் நடந்தாள், வேகமாக, ஒரு நோயாளியிடம் போகிற நடை. அவர் டையைத் தளர்த்திக்கொண்டு பின்னால் போனார். என்ன சொல்வது, எங்கே தொடங்குவது என்று அவர் உதடு அசைந்து ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்தது. முதல் தெரு முடிந்தது. மூடியிருந்த ஒரு தையல் கடையைத் தாண்டினோம். அவருக்கு இன்னும் முதல் வாக்கியமே கூடி வரவில்லை, அதற்குள் வீடு வந்துவிட்டது. நடந்தே வந்தோம், எனக்கு மூச்சுகூட வாங்கவில்லை.

அக்கா கதவைத் தட்டினாள்.